விற்பனைக்கு வந்த வரிசை
விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையும் வகுப்புச் சலுகையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பெரிய விமான நிலையங்கள் பலவற்றிலே, பாதுகாப்புச் சோதனைக் கூடத்தின் முன்னே இரு பாதைகள் உள்ளன. ஒன்று பட்டி கட்டி வளைத்து வளைத்து விடப்பட்ட நீண்ட பாதை. கைக்குழந்தையைத் தோள் மாற்றிச் சுமக்கும் தாய், மறுநாட் காலை வேலைக்குத் திரும்பவேண்டிய தொழிலாளி, தந்தையின் இறுதிக் கிரியைக்குச் செல்லும் மகன் எனப் பலதிறப்பட்டோர் அப்பாதையில் நிற்பர். மற்றையது முதலாம் வகுப்பினருக்கும் வணிக வகுப்பினருக்கும் உரியது. அங்கே நிற்போர் நால்வரோ ஐவரோ ஆவர். சில யார் தூரம் சென்றதும் இரு பாதைகளும் ஒரே மேசையில் வந்து முடிகின்றன. மேசையிலே இருப்பவர் அரசாங்க உத்தியோகத்தர். அவர் அணிந்திருப்பது அரசாங்கச் சீருடை. அவர் செய்வது அரசாங்கம் சட்டத்தால் விதித்த கடமை. அவர் குறும்பாதையில் வந்தவரை முதலிலே அழைக்கிறார். நெடும்பாதையில் நிற்பவர் இன்னும் ஒரு முறை பொறுத்திருக்கிறார்.

இக்காட்சி பழகிப்போய்விட்டமையால் இதனை வியப்பார் இல்லை. "காசு கூடக் கொடுத்தவன் முன்னே போகிறான், இதில் என்ன புதுமை?" என்பதே பொதுவான விடை. ஆயின், அவ்விடை ஒரு கேள்வியை மறைக்கின்றது. கூடக் கொடுத்த காசு யாரிடம் கொடுக்கப்பட்டது? அதனைப் பெற்றுக்கொண்டவர் விற்ற பொருள் அவருக்கு உரியதுதானா? இவ்விரு வினாக்களையும் நேர்மையுடன் எதிர்கொள்ளுமிடத்து, விமானப் பயணத்தின் சிறுசிறு சலுகைகளுள் ஒன்றாகக் கருதப்படும் இவ்வழக்கம், பொது அதிகாரத்தைத் தனியார் கூறுபோட்டு விற்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு என்பது புலனாகும்.

வகுப்பு வேறு, வாயில் வேறு

முதற்கண் ஒரு வேறுபாட்டினைத் தெளிவுபடுத்தல் அவசியமாகும். விமானத்திலே வகுப்புகள் இருப்பது ஈண்டு விவாதப் பொருள் அன்று. வட அத்திலாந்திக் வழியில் 1952ஆம் ஆண்டு உல்லாசப் பயண வகுப்பும், 1958இல் சிக்கன வகுப்பும் அறிமுகமாயின. செல்வந்தர்க்கே உரியதாயிருந்த வான்பயணம் நடுத்தர மக்களை எட்டுவதற்கு இப்பாகுபாடே வழிவகுத்தது. 1970களின் பிற்பகுதியில் வணிக வகுப்புத் தோன்றியது. 1978இல் அமெரிக்கா விமானப் போக்குவரத்தின் கட்டணக் கட்டுப்பாடுகளைச் சட்டத்தால் நீக்கியதும் போட்டி கூர்மையடைந்தது. 1981இல் அமெரிக்கன் எயார்லைன்ஸ் அடிக்கடி பறப்போருக்கான புள்ளித் திட்டத்தை ஆரம்பித்தது. ஏனைய கம்பனிகளும் அதனைப் பின்பற்றின.

அகன்ற இருக்கை, காலை நீட்டுதற்கு இடம், கண்ணாடிக் குவளையில் மது, ஓய்வு மண்டபம், பொதிகள் முதலில் இறக்கப்படும் வசதி ஆகிய யாவும் கம்பனியின் சொத்தைக் கொண்டு கம்பனி வழங்குபவை. அவற்றுக்கு அது விலை குறிக்கலாம், விரும்பியவர் வாங்கலாம். இலங்கைப் புகையிரதத்திலும் மூன்று வகுப்புகள் உள்ளன. மூன்றாம் வகுப்புப் பெட்டியின் மரநெருக்கடியை முதலாம் வகுப்பினர் அனுபவிப்பதில்லை. எனினும் மூன்று வகுப்பினரும் ஒரே தண்டவாளத்திற் செல்கின்றனர். ஒரே சமிக்ஞைக்கு நிற்கின்றனர். ஒரே பாலத்தின் உறுதியை நம்புகின்றனர். சமிக்ஞைக்கு வகுப்பு இல்லை. ஏனெனில் அது வசதி அன்று, காவல்.

விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனையும் அத்தகையதே. அது எவரும் விரும்பி வாங்கும் பண்டம் அன்று. எவரும் அதனை மறுத்துவிட்டு விமானம் ஏறவும் முடியாது. அது ஒரு கட்டாயம். கட்டாயத்தைச் சுமத்தும் அரசு, அதன் சுமையை எவ்வாறு பங்கிடுகிறது என்பதே இங்கு எழும் பிரச்சினை.

சோதனை வந்த வரலாறு

அனைவரையும் சோதித்தல் என்னும் நடைமுறை விமானக் கம்பனிகளின் கண்டுபிடிப்பு அன்று. உண்மையில், பயணிகள் வெறுப்படைவர் என அஞ்சிக் கம்பனிகள் நீண்ட காலம் அதனை விரும்பாதிருந்தன. 1960களின் இறுதியிலும் 1970களின் ஆரம்பத்திலும் விமானக் கடத்தல்கள் பெருகின. 1972 நவம்பரில் சதேர்ன் எயார்வேஸ் விமானமொன்று கடத்தப்பட்ட நிகழ்ச்சி அமெரிக்காவை உலுக்கியது. அதன் பின்னரே, எல்லாப் பயணிகளையும் அவர்தம் கைப்பொதிகளையும் சோதிக்கும் கட்டளை அமெரிக்க அரசினாற் பிறப்பிக்கப்பட்டு, 1973 யனவரியில் நடைமுறைக்கு வந்தது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, சிக்காகோ உடன்படிக்கையின் 17ஆம் பின்னிணைப்பினை 1974 மார்ச்சில் ஏற்றது. அதன்படி விமானப் பாதுகாப்பு அரசுகளின் பொறுப்பாக வரையறுக்கப்பட்டது.

அமெரிக்காவில் 2001ஆம் ஆண்டுவரை சோதனைப் பணியை விமானக் கம்பனிகளே, குறைந்த கூலிக்கு ஆள்வைத்த ஒப்பந்த நிறுவனங்களைக் கொண்டு செய்வித்தன. அவ்வாண்டு செப்ரெம்பர் 11ஆந் திகதி நிகழ்ந்த பேரழிவின் பின் அம்முறை கைவிடப்பட்டது. 2001 நவம்பர் 19ஆந் திகதி கையொப்பமிடப்பட்ட விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சட்டம், மத்திய அரசின் முகவரகம் ஒன்றினை உருவாக்கி அப்பணியை அதனிடம் ஒப்படைத்தது. பாதுகாப்பைச் சந்தையிடம் விட்டுவைக்க முடியாது என்பதே அச்சட்டத்தின் உட்கிடை.

அதற்கான பணமும் பயணிகளிடமிருந்தே பெறப்பட்டது. 2002ஆம் ஆண்டு அறவிடத் தொடங்கிய "செப்ரெம்பர் 11 பாதுகாப்புக் கட்டணம்" 2014 யூலை முதல் ஒருவழிப் பயணத்துக்கு 5 டொலர் 60 சதமாக உயர்த்தப்பட்டது. இக்கட்டணத்தின் சிறப்பியல்பு யாதெனில், அது வகுப்பு நோக்காது. ஐம்பது டொலர் கொடுத்துக் கடைசி வரிசையில் இருப்பவரும் ஐயாயிரம் டொலர் கொடுத்து முதல் வரிசையிற் படுத்துச் செல்பவரும் செலுத்துவது ஒரே தொகை. கட்டணத்தால் ஈடுசெய்யப்படாத செலவைப் பொது வரிப்பணம் ஏற்கின்றது. எனவே உயர் வகுப்பினர் சோதனைக்கென ஒரு சதமேனும் கூடுதலாகக் கொடுத்தவர் அல்லர். அவர்கள் கூடுதலாகக் கொடுத்தது இருக்கைக்கு, கொடுத்தது கம்பனிக்கு.

வரிசை எவ்வாறு சரக்காயிற்று

அவ்வாறாயின் கம்பனி எவ்வாறு அரசின் வாயிலில் முன்னுரிமையை விற்கின்றது? இங்கேதான் ஒரு நுட்பமான தந்திரம் உண்டு. சோதனை மேசையிலிருந்து உள்ளே நிகழ்வது அரசின் பொறுப்பு என்றும், மேசைக்கு வெளியே மக்கள் நிற்கும் நிலப்பரப்பு கம்பனியினதும் நிலைய நிருவாகத்தினதும் ஆளுகைக்கு உட்பட்டது என்றும் அமெரிக்காவிலே பிரித்துக் கூறப்படுகின்றது. எல்லோருக்கும் சோதனை ஒன்றே என்று முகவரகம் கூறும். எவரை முதலில் அனுப்புவது என்பது தன் அலுவல் என்று கம்பனி கூறும். சோதனை அரசினது, காத்திருப்பு கம்பனியினது! காத்திருப்பு என்பது சோதனையின் விளைவே அன்றி வேறில்லை என்பது இப்பிரிப்பினால் மறைக்கப்படுகின்றது. சோதனை இல்லையேல் வரிசையும் இல்லை.

இவ்வெடிப்பினூடாகப் பலர் நுழைந்தனர். ஸ்ரீவன் பிறில் என்பவர் ஆரம்பித்த 'கிளியர்' என்னும் தனியார் நிறுவனம், அடையாளத்தை முன்னரே பதிந்துகொண்டவர்களை வரிசையின் முன்னணிக்குக் கொண்டுசெல்லும் சேவையை 2005இல் ஒர்லாண்டோவிலே தொடங்கியது. 2009இல் அது முடங்கிப்போயிற்று. 2010இல் வேறு முதலீட்டாளர்கள் அதனை வாங்கி மீண்டும் இயக்கினர். 2021இல் அது நியூயோர்க் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. அதன் ஆண்டுச் சந்தா இன்று ஏறத்தாழ 200 டொலர். பங்குச் சந்தையில் விலை பேசப்படும் அந்நிறுவனத்தின் மூலப்பொருள் யாது என வினவின், பிறருடைய காத்திருப்பு என்பதே விடை. வரிசை குறுகினால் அதற்கு வாணிகம் இல்லை.

ஜேர்மனியின் பிராங்போட் நகரில் லுப்தான்சா நிறுவனம் முதலாம் வகுப்பினருக்கெனத் தனி முனையம் ஒன்றினை 2004இல் திறந்தது. அங்கு சோதனை தனியாக நடைபெறும்; பயணி மோட்டார்க் காரில் விமானத்தின் அடிவரை அழைத்துச் செல்லப்படுவார். லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் 2017இல் திறக்கப்பட்ட தனியார் கட்டடம் ஒன்று இதனினும் மேலே சென்றது. ஆண்டு உறுப்புரிமைக்கு 7500 டொலர் அறவிட்ட அவ்விடத்திலே, பொது முனையங்களில் நெருக்குண்டு நிற்கும் மக்களின் காட்சியைக் காட்டும் சிறு திரை ஒன்று வைக்கப்பட்டிருந்ததென இலண்டன் 'கார்டியன்' செய்தித்தாள் அவ்வாண்டு எழுதியது. பிறர் படும் இடர் அங்கு பார்த்து இன்புறும் பொருளாயிற்று. சலுகையின் சுவை சலுகையில் இல்லை, அது பிறருக்கு இல்லை என்பதில் உள்ளது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

பிரித்தானியாவில் நிலைமை சற்று வேறானது. அங்கு சோதனைப் பணியாளரை நியமிப்பது விமான நிலைய நிருவாகமே. மான்செஸ்டர், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், கற்விக் முதலிய நிலையங்கள் சில பவுண்களுக்கு விரைவுப் பாதை அனுமதியை எவருக்கும் விற்கின்றன. சாதாரண வரிசைக்கு எத்தனை ஊழியரை அமர்த்துவது என்று தீர்மானிப்பவரும், அவ்வரிசையிலிருந்து தப்பும் வழியை விற்பவரும் அங்கு ஒருவரே. மருந்து விற்பவரே கிணற்றுக்கும் காவலர் என்றால் ஊரார் கிணற்றை ஒருமுறை எட்டிப்பார்த்தல் இயல்பே. நிருவாகம் வேண்டுமென்றே வரிசையை நீட்டுகிறது எனக் குற்றஞ்சாட்டுவது இதன் கருத்தன்று. வரிசை நீண்டால் தனக்கு இலாபம் என்னும் நிலையில் எந்த நிருவாகத்தையும் வைத்தல் ஆகாது என்பதே கருத்து.

எதிர்வாதங்கள்

இவ்வழக்கத்தினை ஆதரிப்போர் கூறும் நியாயங்கள் நான்கு. அவற்றை அலட்சியஞ் செய்யாது ஒவ்வொன்றாக நோக்குதல் தகும்.

முதலாவது வாதம், உயர் வகுப்பினரின் பணத்தினாலேயே சாதாரண வகுப்பின் கட்டணம் குறைகின்றது என்பது. ஒருசில நெடும்பயணங்களைப் பொறுத்தவரை இது ஓரளவு உண்மையாகலாம். ஆயின், அது கம்பனியின் கணக்குப் புத்தகத்துக்கு உட்பட்ட விடயம். பெரும் வாடிக்கையாளருக்குக் கம்பனி நன்றி காட்ட விரும்பின் தன் கைப்பொருளைக் கொண்டு காட்டட்டும். அயலவனின் நேரத்தைக் கொண்டு காட்டுதல் கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதையாகும். பிரித்தானிய அரசு 1994 முதல் அறவிடும் விமானப் பயணி வரி, உயர் வகுப்பினருக்கு ஏறத்தாழ இருமடங்காக உள்ளது. கூடுதலாகச் செலுத்த வல்லவரிடம் அரசு கூடுதலாகப் பெறுவது முறையே. எனினும் அவ்வரியைச் செலுத்தியமைக்காக எவருக்கும் வரிசையில் முன்னிடம் அளிக்கப்படுவதில்லை. வரி கொடுத்தவனுக்கு நீதிமன்றில் முதல் விசாரணை என்று எந்த நாகரிக அரசும் கூறாது.

இரண்டாவது வாதம், சோதனை எல்லோருக்கும் ஒன்றே, காத்திருக்கும் நேரம் மாத்திரமே வேறுபடுகின்றது என்பது. 'மாத்திரமே' என்னும் இச்சொல் எளிதிற் சொல்லப்படுகின்றது. ஒரு கணக்கினை எடுத்துக்கொள்வோர்க்கு அதன் பாரம் விளங்கும். ஒரு மேசையிலே ஒருவருக்கு அரை நிமிடம் செல்லும் எனக் கொள்க. வரிசையில் 300 பேர் நிற்க, பின்னே வந்த 20 பேர் முன்னே விடப்படுகின்றனர். 300 பேரில் ஒவ்வொருவரும் 10 நிமிடங்களை இழக்கின்றனர். மொத்த இழப்பு 3000 நிமிடங்கள், அதாவது 50 மணித்தியாலங்கள். முன்னே சென்ற 20 பேரும் ஆளுக்கு 150 நிமிடங்களைச் சேமிக்கின்றனர். மொத்தச் சேமிப்பும் 3000 நிமிடங்களே. ஒரு நிமிடமேனும் புதிதாக உண்டாக்கப்படவில்லை. ஒரு சாராரிடம் இருந்து எடுக்கப்பட்டு மறு சாராரிடம் கொடுக்கப்பட்டது. விலையைப் பெற்றவரோ நேரத்தை இழந்தவர் அல்லர், கம்பனியே. தன்னுடையதல்லாத பொருளை விற்றுப் பணத்தைத் தான் வைத்துக்கொள்ளும் தொழிலுக்கு வாணிகம் என்று பெயர் இல்லை.

மூன்றாவது வாதம், விரைவுப் பாதையின் வருமானத்தால் மேலதிக மேசைகள் திறக்கப்படின் எல்லோருக்கும் நன்மையே என்பது. அவ்வாறு நிகழுமாயின் ஆட்சேபத்தின் ஒரு பகுதி குறையும். ஆயின் அமெரிக்காவிலே உத்தியோகத்தரின் தொகையை நிர்ணயிப்பது காங்கிரஸ் ஒதுக்கும் பணம். கம்பனி பெறும் மேலதிக கட்டணம் அங்கு ஒரு மேசையையும் கூட்டுவதில்லை. பயணிகள் செலுத்தும் பாதுகாப்புக் கட்டணத்தின் ஒரு பகுதிகூட, 2013 டிசெம்பரில் நிறைவேறிய வரவு செலவுச் சட்டத்தின்படி, அரசாங்கத்தின் பொதுப் பற்றாக்குறையைக் குறைப்பதற்குத் திருப்பப்பட்டது. சோதனைக்கெனக் கொடுத்த காசு சோதனைக்கே முழுமையாகப் போய்ச் சேராத நாட்டிலே, கம்பனியிடம் கொடுத்த காசு அங்கு போய்ச் சேரும் என எதிர்பார்ப்பது பேதைமை.

2024இல் கலிபோர்ணியா மாநில செனற் சபையின் உறுப்பினர் யோஷ் நியூமன் ஒரு மசோதாவினைக் கொண்டுவந்தார். 'கிளியர்' போன்ற நிறுவனங்கள் பொது வரிசையை ஊடறுக்காது, தமக்கெனத் தனிச் சோதனைப் பாதையை அமைத்துக்கொள்ளல் வேண்டும் என்பதே அதன் சாரம். விமானப் பணியாளரின் தொழிற்சங்கம் அதனை ஆதரித்தது. பெரிய விமானக் கம்பனிகள் பல அதனை எதிர்த்தன. அது சட்டமாகவில்லை. விரைவுப் பாதை எவருடைய நேரத்தையும் பறிப்பதில்லை என்பது உண்மையாயின், தனிப்பாதை அமைக்கும்படி கேட்டபோது அத்துணை எதிர்ப்பு எழவேண்டியதில்லை.

நான்காவது வாதம், அபாயம் குறைந்தவரை விரைவாக அனுப்புதல் பாதுகாப்புக்கே உகந்தது என்பது. அபாயத்தை அளவிட்டு வேறுபடுத்துதல் அறிவுக்குப் பொருந்தியதே. பின்னணியை ஆராய்ந்து நம்பத்தக்கவர்க்கு இலகுவான சோதனை நடத்தும் 'பிறீசெக்' திட்டம் 2011 ஒக்டோபரில் அமெரிக்காவில் ஆரம்பமானது. ஆயினும் தொடக்கத்தில் அதற்கு அழைக்கப்பட்டோரில் இரு கம்பனிகளின் அடிக்கடி பறப்போர் முக்கிய இடம் பெற்றனர். 2013 இறுதியில் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டபோது ஐந்தாண்டுக்கு 85 டொலர் கட்டணம் விதிக்கப்பட்டது. வசதிபடைத்தோர் வைத்திருக்கும் கடன் அட்டைகள் பல அக்கட்டணத்தை மீளச் செலுத்துகின்றன. நம்பகத்தன்மையை அளவிடப் புகுந்த கோல் இவ்வாறு பணப்பையின் பக்கம் சாய்ந்துவிட்டது.

பயணச்சீட்டின் விலைக்கும் பயணியின் நேர்மைக்கும் தொடர்பு உண்டா? 2001 செப்ரெம்பர் 11ஆந் திகதி நான்கு விமானங்களைக் கடத்திய 19 பேரிலும் பெரும்பாலோர் முதலாம் வகுப்பிலும் வணிக வகுப்பிலும் இருக்கை பெற்றிருந்தனர். விமானியின் அறைக்கு அண்மையில் இருத்தல் அவர்களுக்கு வேண்டியதாயிருந்தது. அந்நாளின் பெயரால் எல்லாரிடமும் கட்டணம் அறவிடும் அமைப்பு, அந்நாளின் பாடத்தை இவ்விடயத்தில் மறந்துவிட்டது எனலாம்.

வெளியேறுவோரும் குரல் கொடுப்போரும்

இவ்வழக்கத்தின் மிகப்பெருந் தீங்கு நேர இழப்பு அன்று. அல்பேட் ஹேர்ஷ்மன் என்னும் பொருளியலறிஞர் 1970இல் வெளியிட்ட நூலொன்றிலே, ஒரு நிறுவனம் சீர்கெடும்போது அதனைச் சார்ந்தோர்க்கு இரு வழிகள் உள்ளன என விளக்கினார். ஒன்று வெளியேறுதல், மற்றையது குரல் கொடுத்தல். தரத்தைப் பற்றி மிகுந்த அக்கறையும் அதனைத் திருத்தும் ஆற்றலும் உள்ளவர்கள் இலகுவாக வெளியேறக்கூடியதாக இருப்பின், எஞ்சியோரின் குரல் வலுவிழந்துபோகும் என்பது அவர் சுட்டிய ஆபத்து.

விமான நிலைய வரிசைக்கு இது முற்றும் பொருந்தும். அமைச்சரைத் தொலைபேசியில் அழைக்கக்கூடியவர், பத்திரிகை ஆசிரியருடன் உணவருந்துபவர், கம்பனியின் பணிப்பாளர் சபையில் இருப்பவர் முதலானோர் நெடும்பாதையில் நிற்பதில்லை. நிற்காதவர்க்கு அதன் நீளம் தெரியாது. 2016ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் அமெரிக்காவில் வரிசைகள் அளவுகடந்து நீண்டன. அவ்வாண்டின் முதல் ஐந்து மாதங்களுக்குள் தனது பயணிகளுள் 70,000 பேருக்கு மேற்பட்டோர் வரிசை காரணமாக விமானத்தைத் தவறவிட்டனர் என அமெரிக்கன் எயார்லைன்ஸ் காங்கிரஸ் குழுவின் முன் முறையிட்டது. கம்பனிகளின் வருமானம் பாதிக்கப்பட்ட அவ்வேளையிலே, மேலதிக நேர வேலைக்கும் புதிய உத்தியோகத்தருக்குமாக 3 கோடி 40 இலட்சம் டொலரை மாற்றி ஒதுக்கக் காங்கிரஸ் இசைந்தது. வலியவரைத் தொட்டபோது வழி திறந்தது. வலியவரைத் தொடாதவாறு தனி வாயில் அமைத்துவிட்டால், அவ்வழியும் அடைபட்டுவிடும்.

மைக்கல் சாண்டெல் 2012இல் வெளியிட்ட, சந்தையின் ஒழுக்க எல்லைகள் பற்றிய நூலில், வரிசை தாண்டுதலை முதலாவது இயலாகவே வைத்து ஆராய்ந்தமை தற்செயலன்று. முந்தி வந்தவர்க்கு முந்தி என்பது ஓர் ஒழுக்கம். விலை கொடுத்தவர்க்கு முந்தி என்பது மற்றோர் ஒழுக்கம். முதலாவது ஒழுக்கம் மனிதரை மனிதர் என்னும் ஒரே தகுதியால் அளக்கின்றது. இரண்டாவது அதனை ஒவ்வோரிடத்திலும் சிறிது சிறிதாகத் தின்றுவருகின்றது. சந்தையில் அது தின்னட்டும். அரசின் வாயிலில் தின்ன விடலாகாது.

இந்நாட்டுக்கு இதன் பொருத்தம்

அமெரிக்க விமான நிலையத்தின் கதை இந்நாட்டு மாணவர்க்கு எதற்கு என்ற கேள்வி எழலாம். வரிசை என்பதன் பொருளை இலங்கையரைப் போல் அறிந்தவர் மிகச் சிலரே. 1970களின் நடுப்பகுதியில் பாணுக்காக விடியுமுன் நின்ற தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கின்றது. 2022இல் எரிபொருளுக்காக நாட்கணக்கிற் காத்திருந்து, வரிசையிலேயே உயிர் நீத்தோரும் உளர். அவ்வாண்டின் நடுப்பகுதியில் எரிபொருள் அனுமதி முறை அறிமுகமானபோது, ஒரே வகை வாகனத்துக்கு ஒரே அளவு என்னும் விதியே அதற்கு மக்களிடையே மதிப்பைத் தேடித்தந்தது. தட்டுப்பாட்டை மக்கள் பொறுத்தனர். தட்டுப்பாட்டிலும் சிலருக்குப் பின்கதவு திறந்திருப்பதையே அவர்கள் பொறுக்கவில்லை.

கட்டுநாயக்க பண்டாரநாயக்க சர்வதேச விமான நிலையத்திலும் கட்டணம் செலுத்துவோருக்கு 'சில்க் றூட்' என்னும் தனிவழி உண்டு. இந்நாட்டின் அந்நியச் செலாவணியைத் தேடித்தருவோரோ அவ்வழியாற் செல்பவர் அல்லர். 2024ஆம் ஆண்டிலே வெளிநாட்டுத் தொழிலாளர் அனுப்பிய பணம் 650 கோடி டொலருக்கு மேற்பட்டது. வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண்ணும், கட்டடத் தொழிலுக்குச் செல்லும் இளைஞனும் அத்தொகையின் உழைப்பாளர். நாட்டைத் தாங்குவோர் பொது வரிசையில் நிற்க, நாடு அவர்களைத் தாண்டிச் செல்லும் உரிமையைப் பிறருக்கு விற்கின்றது. இலவசக் கல்வியின் பயனாற் பல்கலைக்கழகம் புகுந்தோர்க்கு இதன் முரண்பாடு இலகுவில் விளங்கவேண்டும். 1945 முதல் நிலைபெற்ற அக்கொள்கையின் உயிர், பொது நிறுவனத்தின் வாயில் பணத்துக்குத் திறவாது என்பதே. பரீட்சை மண்டபத்தில் விடைத்தாளை முதலில் திருத்துவிப்பதற்கு ஒரு கட்டணம் அறவிடப்படின் அதனை ஏற்பார் உளரோ?

செய்யத்தக்கன

முன்னுரிமையே கூடாது என்பது இதன் முடிபு அன்று. அரசாங்க வைத்தியசாலையின் விபத்துச் சிகிச்சைப் பிரிவிலும் முன்னுரிமை உண்டு. அங்கு குருதி பெருகுபவர் முதலில் அழைக்கப்படுகின்றார், காய்ச்சற்காரர் காத்திருக்கின்றார், எவரும் முறையிடுவதில்லை. தேவையால் எழும் முன்னுரிமை சமத்துவத்தின் பகையன்று, அதன் நிறைவு. அங்கவீனர், முதியோர், கர்ப்பிணிகள், கைக்குழந்தையுடன் வருவோர், புறப்படும் நேரம் நெருங்கிவிட்டோர் ஆகியோரை முன்னே விடுவதற்கு நெடும்பாதையினர் தாமாகவே இடங்கொடுப்பர்.

செய்யவேண்டியவை மூன்று. சோதனைக்கான வரிசையும் சோதனையின் ஒரு பகுதியே எனச் சட்டம் கூறல் வேண்டும். அதன் ஒழுங்கு கம்பனியின் கையில் இருத்தலாகாது. அரச உத்தியோகத்தரின் முன்னுள்ள இடம் விற்பனைப் பொருளன்று என்பது வெளிப்படையாக விதிக்கப்படல் வேண்டும். இவை யாவற்றினும் முக்கியமாக, காத்திருப்புக்கு ஓர் உச்ச எல்லை எல்லோருக்கும் பொதுவாக நிர்ணயிக்கப்படல் வேண்டும். இது கனவு அன்று. இலண்டன் ஹீத்றோ நிலையத்துக்கு 2014இல் ஆரம்பமான ஒழுங்குவிதிக் காலத்தில், பிரதான சோதனை வரிசை 95 சதவீதமான வேளைகளில் ஐந்து நிமிடத்துக்கும், 99 சதவீதமான வேளைகளில் பத்து நிமிடத்துக்கும் உட்பட்டதாக இருத்தல் வேண்டுமென அந்நாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை இலக்கு விதித்தது. தவறின் நிலையம் விமானக் கம்பனிகளுக்குப் பணம் திருப்பிக் கொடுக்க நேரிடும். ஐந்து நிமிட வரிசையிலிருந்து தப்புவதற்கு எவர் பணம் கொடுப்பார்? பொதுப் பாதை சீராயின் தனிப்பாதைக்கு வாங்குவோர் இரார். தனிப்பாதை செழிப்பது பொதுப்பாதை சீர்கெட்டதன் அறிகுறியே ஆகும்.

அகன்ற இருக்கையை வாங்கியவர் அதில் அமர்ந்து நலமே செல்லட்டும். திரைக்கு அப்பால் உள்ளவை அவருடையவை. அவற்றின் விலையை அவர் கொடுத்துவிட்டார். ஆயின் சீருடை அணிந்த அந்த உத்தியோகத்தரின் மேசை திரைக்கு இப்பால் உள்ளது. அதன் விலையை வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும், கைக்குழந்தையைச் சுமந்து நிற்கும் அத்தாய் உட்பட, ஒரே அளவாகக் கொடுத்திருக்கின்றனர். அம்மேசையின் முன்னே அடுத்தவர் யார் என்ற வினாவுக்கு, அடுத்ததாக நிற்பவர் என்பதைத் தவிர வேறு விடை கூறும் அரசு, தன் குடிமக்களிடம் சமமான கட்டணத்தைப் பெறும் உரிமையையும் இழந்துவிடுகின்றது.